முதலாளிக்கு எத்தனை மகன்கள்?

மும்பையிலிருந்து வடக்கே குஜராத் எல்லைப் பக்கம் போனால் தாராப்பூர், உம்பர்காவ் என்ற இரண்டு தொழிற்பகுதிகள் வரும். சட்டைத் துணி, கோட்டுத் துணி நெய்யும் ஆலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. தறிகள் இரவும் பகலும் ஓடும். எல்லாமே குடும்பக் கம்பெனிகள். அப்பா ஆரம்பித்தது, அண்ணன் தம்பி பார்த்துக்கொள்வது. 2008இல் இந்த ஆலைகளைத் தேடி ஒரு பொருளியல் குழு வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் புளூம், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, இவர்களோடு இன்னும் மூன்று ஆய்வாளர்கள். பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றின் ஆட்களைக் கூலி கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். ஆலை முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை. வெளிச்சந்தையில் ஓர் ஆலைக்கு இரண்டரை லட்சம் டாலர் பிடிக்கக்கூடிய ஆலோசனை, இலவசம்.

66 நிறுவனங்களிடம் போய்க் கேட்டார்கள். ஒப்புக்கொண்டவை 17.

நம்மூர் தொழில்முனைவோர் யாரிடம் இதைச் சொன்னாலும் ஆச்சரியப்படமாட்டார்கள். “இலவசமாக வந்து நம்ம கணக்கைப் பார்க்கிறான் என்றால் எதற்காக?” என்ற கேள்விதான் முதலில் வரும். அதோடு, நம் தொழில் நமக்குத் தெரியாதா என்ற நினைப்பும் உண்டு. ஆய்வாளர்கள் அதையும் பதிவு செய்திருக்கிறார்கள். தரக் கட்டுப்பாடு எதற்கு, பக்கத்து ஆலைக்காரன் துணியை விட நம் துணி ஒன்றும் மோசமில்லையே என்று முதலாளிகள் பலர் நம்பினார்கள். பக்கத்து ஆலைக்காரரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்ப் பார்த்ததைப் புகைப்படம் எடுத்து ஆய்வுக் கட்டுரையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நூல் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன. பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்க முடியாது. வேறு வேறு ரகம், வேறு வேறு நிறம், எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நசுங்கிப்போன நூல் கோன்களை மறுபடி சுற்றியாக வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் எது எங்கே என்பது அங்கே பல வருடம் வேலை பார்த்தவருக்கு மட்டும் தெரியும். எல்லாவற்றையும் விட என்னை நிறுத்திய தகவல் வேறு. நெய்த துணியில் விழுந்த குறைகளைக் கையால் சரிசெய்வதற்கு மட்டும் சராசரியாக ஓர் ஆலையில் 19 சதவீத ஆட்கள் இருந்தார்கள். ஐந்தில் ஒருவர்! தவறு நடப்பதைத் தடுக்க ஆள் இல்லை. நடந்த தவறைத் திருத்த ஒரு படையே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது.

மருந்துக்கு நடத்துகிற பரிசோதனை போலவே இதையும் நடத்தினார்கள். 11 நிறுவனங்களின் 14 ஆலைகளுக்கு ஐந்து மாத ஆலோசனை: முதல் மாதம் நோய் என்ன என்று பார்ப்பது, பிறகு நான்கு மாதம் கூடவே இருந்து மாற்றுவது. மீதி ஆறு நிறுவனங்களுக்கு முதல் மாதப் பரிசோதனை மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மொத்தம் 38 நடைமுறைகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். அவற்றில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. எந்தத் தறியில், எந்த டிசைனில், எந்த நூலில் என்ன குறை வந்தது என்று தினமும் எழுது. காலையில் அதை வைத்து மேனேஜரையும் சூப்பர்வைசரையும் உட்காரவைத்துப் பேசு. தறி நின்றால் ஏன் நின்றது என்று குறித்து வை. கெட்டுப்போகும் முன் மெஷினுக்குப் பராமரிப்பு செய். நூலுக்கு ரேக்கும் லேபிளும் போடு, இருப்பைக் கணக்கில் ஏற்று. நன்றாக வேலை செய்பவருக்கு ஊக்கத்தொகை கொடு. ஆலோசகர்கள் வருவதற்கு முன் இந்த ஆலைகள் பின்பற்றியவை 38இல் கால் பங்குதான்.

முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. துணியில் விழும் குறைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. சரக்கில் முடங்கிய பணம் குறைந்தது. ஓர் ஆலைக்கு ஆண்டு லாபம் மூன்று லட்சம் டாலருக்கு மேல் கூடும் என்று கணக்குப் போட்டார்கள். தறிகளை மாற்றி வந்த லாபம் இல்லை இது.

இந்த ஆய்வு 2013இல் வெளியானது. மேலாண்மை வகுப்புகளில் இந்த 17 சதவீதத்தைத்தான் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். அதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது இன்னொன்று. இந்த நிறுவனங்களில் எது பெரிது, எது சிறிது என்பதை எது தீர்மானிக்கிறது என்று பார்த்தபோது, நிர்வாகத் தரத்துக்கும் நிறுவனத்தின் அளவுக்கும் இருந்த தொடர்பு பலவீனமாக இருந்தது. வலுவான தொடர்பு எதோடு இருந்தது தெரியுமா? முதலாளி குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பதோடு. மூன்று மகன் இருந்தால் மூன்று ஆலை. ஒரே மகன் என்றால், ஆர்டர் குவிந்தாலும் ஓர் ஆலைதான். ஏனென்றால் வெளியாளை நம்பி ஆலையை விடமாட்டார்கள். நூல் வாங்குவது, ஆள் எடுப்பது, பணம் கொடுப்பது எல்லாவற்றிலும் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வேண்டும். மேனேஜர் திருடிவிட்டால் கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயம் ஆதாரமற்றதும் இல்லை.

(மகள்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனிக்குள் 1986இல் மகள் மல்லிகா சீனிவாசன் வந்தார். இன்று உலகின் முன்னணி டிராக்டர் நிறுவனங்களில் அது ஒன்று. தாராப்பூர் அப்பாக்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை போலும்.)

ஆலோசனை முடிந்த ஆலைகளில் ஒரு மாற்றத்தைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் பயன்பாடு கூடியது. கூடவே, முதலாளிகள் மேனேஜர்களிடம் விட்டுக்கொடுத்த அதிகாரமும் கூடியது. யோசித்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கணக்கு இல்லாத இடத்தில் முதலாளி நேரில் நின்றே ஆக வேண்டும். அவர் கண் தவிர வேறு அளவுகோல் அங்கே கிடையாது. எத்தனை மீட்டர் ஓடியது, எத்தனை கிலோ நூல் செலவானது, எத்தனை குறை விழுந்தது என்று தினமும் மேஜைக்கு வந்துவிட்டால், யாரிடம் எவ்வளவு விடலாம் என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. மூன்று வருடத்துக்குள் ஆலோசனை பெற்ற நிறுவனங்கள் கூடுதலாக ஆலைகள் திறந்தன. மகன்களின் எண்ணிக்கை மட்டும் கூடியிருக்காது.

இந்தக் கதை தறி ஆலையில் நடந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் முழுக்கத் தொழிற்சாலை நிர்வாகத்துக்குப் பாடமாக இருக்கும் டொயோட்டா, தறியிலிருந்து பிறந்த கம்பெனி. சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய ஜி வகைத் தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் குறையுள்ள துணியே நீளமாக வந்துகொண்டிருக்கும். நின்றுவிட்டால் ஆள் வந்து முடிச்சுப் போடுவார். தறி தன்னைத் தானே பார்த்துக்கொள்வதால் ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. அந்தத் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்குக் கொடுத்தார்கள். மகன் கீச்சிரோ கார் பக்கம் போனபோது இந்த யோசனையும் கூடவே போனது. குறை கண்டால் நிறுத்து. டொயோட்டா தொழிற்சாலையில் தொழிலாளி கயிற்றை இழுத்தால் மேலே விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், சிக்கல் தீராவிட்டால் லைன் நிற்கும்.

நம் ஊரில் லைனை நிறுத்தியவருக்குக் கிடைப்பது சூப்பர்வைசரின் திட்டு. அதனால் அவர் நிறுத்துவதில்லை. குறையுள்ள பீஸ் அடுத்த மேஜைக்குப் போகும், அங்கிருந்து பெயின்டிங், அங்கிருந்து பேக்கிங், கடைசியில் கஸ்டமரிடமிருந்து ரிஜெக்‌ஷன் என்று திரும்பி வரும். முதல் மேஜையில் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு லாரி வாடகை சேர்ந்துகொள்ளும்.

1924 என்ற வருடத்தை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறேன். அந்த வருடம் மே மாதம் அமெரிக்காவில் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். இயல்பாக வரும் ஏற்றத்தாழ்வு எது, காரணத்தோடு வரும் கோளாறு எது என்று பிரித்துக் காட்டும் வரைபடம் அதில் இருந்தது. தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தின் தொடக்கம் அதுதான். ஷூஹார்ட்டின் வழியில் வந்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். 1950இல் டெமிங் ஜப்பானுக்குப் போய்ப் பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் வகுப்பு எடுத்தார். மறு வருடம் ஜப்பானியர் அவர் பெயரில் பரிசு ஏற்படுத்தினார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததே. அதற்கு முன்பே, 1947-48இல், புள்ளியியலாளர் மகலநோபிஸின் அழைப்பின் பேரில் ஷூஹார்ட் இந்தியாவுக்கு வந்து போனார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குரு இங்கே வந்துவிட்டுப் போன பிறகுதான் சீடர் அங்கே போய்ப் புகழ்பெற்ற அந்த வகுப்பை எடுத்தார். இந்தியப் புள்ளியியல் கழகம் 1950களிலேயே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளையும் தொடங்கியது.

பிறகு ஏன் இங்கே எதுவும் பெரிதாக நடக்கவில்லை? ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நாடு இது. வண்டி வந்தால் போதும் என்று வாங்கினார்கள். லைசென்ஸ் வைத்திருந்தவருக்குப் போட்டியே இல்லை. விற்காத சரக்கு என்று ஒன்று இல்லாதபோது குறைகளை எண்ணிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? அறிவு வந்து சேர்ந்தது, தேவை வந்து சேர நாற்பது வருடம் ஆனது. 1983 கடைசியில் மாருதி 800 வந்தபோது ஒரு வழி திறந்தது. 1991க்குப் பிறகு எல்லாக் கதவுகளும் திறந்தன. சென்னைக்கு ஃபோர்டும் ஹூண்டாயும் வந்தபோது, உதிரிபாகம் கொடுப்பவர் நூற்றுக்கு எத்தனை பீஸ் கெட்டது என்று சொன்ன பழைய பேச்சு செல்லவில்லை. பத்து லட்சத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள்.

அப்போது தயாராக இருந்த ஒரு கம்பெனி சென்னை பாடியில் இருந்தது. அப்போது லாரிகளுக்குக் காற்று பிரேக் செய்துகொண்டிருந்த சுந்தரம் கிளேட்டன், 1962இல் பிரிட்டிஷ் கம்பெனியின் கூட்டோடு ஆரம்பித்தது. வேணு சீனிவாசன் நிர்வாகத்துக்கு வந்த பிறகு, 1980களின் பிற்பகுதியில் முழுமையான தர மேலாண்மைப் பக்கம் திரும்பினார்கள். ஜப்பானியப் பேராசிரியர்கள் வாஷியோவும் சுடாவும் வந்து வந்து போனார்கள். அந்தப் பேராசிரியர்களோடு உட்கார்ந்த மேனேஜர்களுக்குப் பாராட்டை விடக் கேள்விகளே அதிகம் கிடைத்தன. இந்தக் கோளாறு ஏன் வந்தது? அது ஏன்? அதற்கு முந்தியது ஏன்? தரவு எங்கே? 1998இல் அதன் பிரேக் பிரிவுக்கு டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அதுவே முதல். பின்னாலேயே 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டி.வி.எஸ் மோட்டார், 2003இல் சோளிங்கரின் பிரேக்ஸ் இந்தியா ஃபவுண்டரியும் ரானே பிரேக் லைனிங்ஸும், 2004இல் லூகாஸ் டி.வி.எஸ். சென்னையைச் சுற்றிப் பலவும், சோளிங்கரிலும் ஓசூரிலும் ஒவ்வொன்றும் என்று ஒரே மாநிலத்தில் இத்தனை டெமிங் பரிசுகள் குவிந்ததற்கு ஜப்பானுக்கு வெளியே அதிக உதாரணங்கள் இருக்காது என்றே நினைக்கிறேன். ஒருவர் செய்வதை அடுத்தவர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் உறவுக்காரர்கள், மீதிப் பேர் ஒருவருக்கொருவர் சரக்கு கொடுப்பவர்கள்.

ஆனால் பாடியிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கேயும் கோவை கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள ஜாப் ஆர்டர் ஒர்க்‌ஷாப்களில் போய்ப் பேசினால் ஒரே பதில்தான்: “அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார். நம்மகிட்ட இருக்கறதே பதினஞ்சு பேர்.” அதே ஒர்க்‌ஷாப்பில் லட்சக்கணக்கில் கடன் வாங்கி சி.என்.சி. மெஷின் போட்டிருப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த மெஷின் ஓடுகிற நேரத்தை விட, செட்டிங் மாற்றுவதற்காக நிற்கிற நேரம் கண்ணில் படும். அந்த நேரம் எந்த நோட்டிலும் இருக்காது. வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் இருக்கும்.

செட்டிங் நேரத்தைப் பற்றி ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ பதிவு செய்திருக்கும் சம்பவம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனில் அதே மாதிரி பிரஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம்தான். அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. ஆறு மாதத்தில் தொண்ணூறு நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த உத்தரவு வந்தது: மூன்று நிமிடம். ஷிங்கோ முதலில் திகைத்தார், பிறகு செய்தும் காட்டினார்.

அதன் சூட்சுமம் எந்த லேத் பட்டறைக்கும் பொருந்தும். மெஷின் நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று பிரித்தார். டையைத் தேடிக் கொண்டுவருவது, போல்ட் நட்டு எடுத்துவைப்பது, ஸ்பானர் தேடுவது, உயரத்தை அளந்துவைப்பது எல்லாம் மெஷின் ஓடும்போதே முடிக்கலாம். நாம் பெரும்பாலும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் ஸ்பானரைத் தேட ஆரம்பிப்போம். அடுத்தபடியாக, பதினைந்து சுற்று சுற்ற வேண்டிய போல்ட்டுக்குப் பதில் ஒரே திருகில் இறுகும் கிளாம்ப். கடைசிச் சுற்றுதான் இறுக்குகிறது, முன்னால் சுற்றிய பதினான்கும் வீண்.

இதில் மிச்சமாவது நேரம் மட்டுமில்லை. டை மாற்ற நான்கு மணி நேரம் என்றால், மாற்றியதுதான் மாற்றினோம் என்று ஒரே ரகத்தில் மூவாயிரம் பீஸ் அடித்துத் தள்ளத் தோன்றும். கஸ்டமர் கேட்டது ஐந்நூறு. மீதி ரேக்கில் தூங்கும், அதற்குப் போன இரும்புக்கு வட்டி ஓடும். அந்த மூவாயிரத்தில் குறை இருந்தால் அது தெரியவரும்போது மாதம் ஒன்று கடந்திருக்கும். எந்த ஷிஃப்ட்டில், யார் கையில் ஆனது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் ஓவர்டிராஃப்ட் கணக்கில் மூச்சுத் திணறும் பல யூனிட்டுகளின் பணம் அந்த ரேக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது.

தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதைக்கு வேறு முகமும் உண்டு. “யோசனை சொல்லுங்கள்” என்று பெட்டி வைப்பார்கள். ஐந்து பேர் செய்யும் வேலையை நான்கு பேர் செய்ய ஒரு வழி சொன்னால், அந்த ஐந்தாவது ஆள் யார் என்று சொன்னவருக்குத் தெரியும். ஒருமுறை அப்படி ஆள் குறைத்துவிட்டால் அந்தப் பெட்டி பிறகு காலியாகவே இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இன்று பல தொழிற்சாலைகளில் லைனில் நிற்பவர் கான்ட்ராக்ட் ஆள், அல்லது பயிற்சி என்ற பெயரில் சில மாதம் வந்து போகிறவர். மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் கை ஒரே இடத்தில் வருடங்கள் நின்றால்தான் உருவாகும். ஆளை அடிக்கடி மாற்றிக்கொண்டு, தொழிலாளியின் அனுபவத்திலிருந்து முன்னேற்றம் வேண்டும் என்று கருத்தரங்கில் பேசுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

மீண்டும் மகன்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானும் குடும்பத் தொழில்களின் நாடுதான். அங்கே வேறொரு வழக்கம் இருந்தது. திறமையான மகன் இல்லையென்றால் திறமையான மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். 1937இல் டொயோட்டா மோட்டார் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் மகன் கீச்சிரோ இல்லை, அப்படி வீட்டுக்கு வந்த மருமகன் ரிசாபுரோ. சுசுகி இன்னும் சுவாரசியம். மிச்சியோ சுசுகி 1909இல் ஆரம்பித்ததும் தறிக் கம்பெனியே. அங்கே இரண்டாவது தலைவர் மருமகன். பின்னாளில் வந்த ஒசாமு சுசுகி அந்த மருமகனுக்கு மருமகன். பிறப்பால் மட்சுடா, வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். 1982இல் இந்திய அரசோடு மாருதிக்கு ஒப்பந்தம் போட்டவர் அவர். ஓசூரில் டி.வி.எஸ். சுசுகியோடு கூட்டுச் சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். கடைசி வரை சிக்கனத்துக்குப் பெயர்போனவராக இருந்து 2024 டிசம்பரில் காலமானார். நம் சாதிக் கட்டுக்குள் அந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் அவர்களும் ரத்தத்தைத் தாண்டி ஆள் தேடியிருக்கிறார்கள், பெயரைக் கொடுத்தாவது.

இங்கே இப்போது அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களில் வீணைக் குறைக்கும் லீன் முறையைக் கொண்டுவர மத்திய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்த திட்டம் அது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள். ஆலோசகருக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால் ஐ.எஸ்.ஓ. சான்றிதழை வரவேற்பறையில் மாட்டிவிட்டு, ஆடிட்டர் வருவதற்கு முந்தைய வாரம் மட்டும் பதிவேடுகளை எழுதி முடிக்கும் யூனிட்டுகளையும் நாம் பார்த்திருக்கிறோம். லீன் சான்றிதழுக்கும் அதே சுவரில் இடம் இருக்கிறது.

தாராப்பூர் ஆலைகளுக்கு அதே ஆய்வாளர்கள் 2017இல் திரும்பப் போனார்கள். கற்றுக்கொண்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. அப்படியும், ஆலோசனை பெற்ற ஆலைகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையே பெரிய இடைவெளி நீடித்தது. ஒரே முதலாளியின் மற்ற ஆலைகளுக்கு அந்த நடைமுறைகள் பரவியிருந்தன. பக்கத்து முதலாளிக்குப் பெரிதாகப் பரவவில்லை. கைவிட்டதற்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. முதலாளிக்கு நேரமில்லை. மற்றது, அதைக் கற்று நடத்திய மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார். அம்பத்தூரிலும் கணபதியிலும் பல யூனிட்டுகளில் அந்த மேனேஜரை இன்னும் வேலைக்கே எடுக்கவில்லை.